கை நனைத்த ஞாயிற்றுக்கிழமை

தை 5, திங்கள்

என் பெயர் நாச்சிமுத்து. இதை நானே எழுதினேன்.

எழுபத்திரண்டு வயது வரை என் பெயரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். நான் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்ததோடு சரி. எழுத்தறிவு வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டேன். வசந்தாமணி டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, “தெனமும் நாலு வரி எழுதுங்க ஐயா, இல்லீன்னா கை மறந்து போயிரும்” என்றார். நாலு வரிக்கு மேலே ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. நிறுத்த மனமில்லை.

தை 6, செவ்வாய்

எங்கள் தோட்டம் உடுமலைக்குத் தெற்கே இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே சாளை, அதாவது நாங்கள் குடியிருக்கும் ஓட்டு வீடு. வாசலில் நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. கிணற்றுக்கு அந்தப் பக்கம் பசுமைக்குடில். வெள்ளைப் பிளாஸ்டிக் கூரையும் வலையும் போட்ட பெரிய கொட்டகை அது. அதற்குள் என் மகன் திருமூர்த்தி வெள்ளரி வளர்க்கிறான். கொடியைக் கயிற்றில் ஏற்றி, குழந்தைக்குத் தலை சீவுவது போல் ஒவ்வொன்றையும் பார்ப்பான். வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை ஈ உள்ளே போய்விடும்.

என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேர்தான்.

திருமூர்த்திக்கு முப்பத்தொன்பது வயது. இன்னும் பெண் அமையவில்லை.

இந்த ஒரு வரியை எழுத வெகு நேரம் ஆனது. எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்துகள்தான்.

தை 8, வியாழன்

செவலைக் கோழி முட்டையிட ஆரம்பித்தது. மோட்டார் ஓடவில்லை.

தை 11, ஞாயிறு

இன்று பெண் வீட்டார் வந்தார்கள். தரகர் ஆறுக்குட்டி பொள்ளாச்சிப் பக்கமிருந்து கூட்டி வந்தார். நேற்றே ஒரு பலகையில் சுண்ணாம்பால் ‘நல்வரவு’ என்று எழுதி வேலிப்படலில் கட்டியிருந்தேன். காரிலிருந்து இறங்கியதும் பெண்ணின் மாமன் அதை வாய்விட்டுப் படித்தார். நான் எழுதியதை ஒருவர் படித்துவிட்டு உள்ளே வருகிறார்! இதை என் மனைவி பார்த்திருக்க வேண்டும்.

கோழிகளைக் கண்டதும் பெண்ணின் சித்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். குடிலுக்குள் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது.

“ஏனுங்க, பொண்ணும் இதுக்குள்ள வந்து வேல செய்யோணுமா?” என்று சித்தி கேட்டார்.

“அதெல்லாம் வேண்டியதில்லீங்க” என்றான் திருமூர்த்தி. அவனும் வேர்த்துத்தான் நின்றான்.

சாளைக்கு வந்ததும் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். “தாகமில்லீங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் இது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், பிடித்திருந்தால் காப்பியும் குடிப்பார்கள். சோறு மட்டும் தின்ன மாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். அதனால் யாராவது வரும்போதெல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தியைக் கூப்பிட்டுக் கோழிக் குழம்பு வைக்கச் சொல்வேன். “எதுக்குப்பா?” என்று திருமூர்த்தி கேட்பான். ஒருவேளை தின்றுவிட்டால்?

இன்றும் நாங்களே தின்றோம். குழம்பு நன்றாக இருந்தது.

தை 15, வியாழன்

ஆறுக்குட்டி சைக்கிளில் வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

“என்ன சொல்றாங்க ஆறுக்குட்டி?”

“வெள்ளரிக்காய்க்குப் பனி மாதிரி தண்ணி தெளிக்கறீங்களாம். கட்டிட்டு வர்ற பொண்ணுக்கு ஒரு ஃபேனாச்சும் உண்டான்னு கேக்கறாங்கண்ணா.”

நான் சிரித்துவிட்டேன். ஆறுக்குட்டியும் சிரித்தார். திருமூர்த்தி மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு குடிலுக்குள் போனான். இன்று மருந்தடிக்கும் நாள் இல்லை.

தை 25, ஞாயிறு

ஆறுக்குட்டி ஒரு ஜாதகம் கொண்டு வந்தார். பெண் தாராபுரம். முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலு வருடம் முன்பு ஒரு இடத்தில் நிச்சயம் செய்து, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். அப்போது ஊர் அந்தப் பெண்ணை வாயில் போட்டு மென்றுவிட்டது என்றார்.

“அதனால சத்தமில்லாம வருவாங்க, சத்தமில்லாமப் போவாங்க. நீங்க பந்தல் கிந்தல் போட்றாதீங்க” என்றார்.

பந்தல் போடுவதற்கு நான் என்ன பைத்தியமா?

பலகையை மழை கொஞ்சம் அழித்திருந்தது. ‘நல்வரவு’ மேலே மறுபடியும் சுண்ணாம்பு பூசினேன். ஓரத்தில் ஒரு பூவும் போட்டேன்.

மாசி 3, ஞாயிறு

இன்று நிறைய எழுதப் போகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

பெண், அப்பா சாமியப்பன், அம்மா, மூன்று பேர்தான் வந்தார்கள். பெண்ணின் பெயர் கோகிலவாணி. மாநிறம், கண்ணாடி போட்டிருக்கிறார். காரை விட்டு இறங்கியதும் பலகையைப் பார்த்துவிட்டு, “யாருங்க எழுதினது?” என்றார்.

“நாந்தானம்மிணி. இப்பத்தான் படிச்சேன்.”

“பூ யாரு போட்டது?”

“அதும் நாந்தான்.”

“பூவுக்கு அஞ்சு மார்க், எழுத்துக்கு நூறு” என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கோழிகளைக் கண்டு அவர் மூக்கைப் பொத்தவில்லை. அடைக்கோழியைக் குனிந்து பார்த்து, “கொத்துமா?” என்று கேட்டு, விரலை நீட்டி, கொத்து வாங்கிக்கொண்டு சிரித்தார். பிறகு திருமூர்த்தி குடிலைக் காட்டக் கூட்டிப் போனான். பெரியவர்கள் நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு கதவும் சாத்திக் கிடந்தன. அவர்கள் வெளியே வர வெகு நேரம் ஆனது. ஒரு தடவை உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அது என் மகனுடைய சிரிப்பு. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

கிளம்பும்போது பார்த்தால் காரில் ஒரு சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. திருமூர்த்தி அதைத் தன் வண்டியில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். பொழுது உச்சி தாண்டிவிட்டது. பெண்ணின் அம்மா முகம் வெளுத்து, கை நடுங்கத் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை போட்டிருக்கிறாராம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம்.

“உள்ள சோறு இருக்குதுங்க, கோழிக் குழம்பு இருக்குதுங்க” என்றேன்.

சாமியப்பன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். “பிஸ்கெட் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார்.

அலமாரியில் பிஸ்கெட் இருந்தது. சோறு சூடாக இருக்கும்போது பிஸ்கெட் எதற்கு? பாப்பாத்தியிடம் இலை போடச் சொன்னேன். மூன்று இலை. அவர்களுக்கு வேறு வழி இல்லை. உட்காரும் முன்பு சாமியப்பன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இது மருந்துக்குச் சாப்பிடறதுங்க. மத்தபடி நீங்க ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாது.”

“சேச்சே, சாப்பிடுங்க” என்றேன்.

சாப்பிட்டார்கள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கோகிலவாணி இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். நானே செம்பிலிருந்து அவர்கள் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். எந்தக் காரணத்துக்காக நனைந்தாலும் நனைந்தது நனைந்ததுதான்.

போவதற்கு முன்பு இந்த நோட்டைக் காட்டினேன். “உங்க பேர எழுதிக் குடும்மிணி, எழுதிப் பழகறேன்” என்றேன். கடைசிப் பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தார். கோகிலவாணி.

அவர்கள் போன பிறகு திருமூர்த்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று.

“அப்பா, அவங்க ஒரு வாரம் யோசிச்சுச் சொல்றேன்னாங்க. அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு உட்றாதீங்க. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்.”

“நா யாருகிட்டச் சொல்லப் போறேன்?” என்றேன்.

மாசி 4, திங்கள்

பாப்பாத்தியிடம் மட்டும் சொன்னேன். சமைத்தவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா? அவள் தன் தங்கையிடம் மட்டும் சொன்னாளாம்.

அந்தப் பெயரை இருபது தடவை எழுதிப் பார்த்தேன். கடைசியில் எழுதியது அவர் எழுதியது போலவே இருந்தது.

மாசி 5, செவ்வாய்

காலையில் எங்கள் மாட்டுப் பாலை ஊற்றப் பால் சொசைட்டிக்குப் போனேன். அங்கே சுவரில் கரும்பலகை இருக்கிறது. தீவனம் வந்த செய்தி, டாக்டர் வரும் நாள் எல்லாம் அதில்தான் எழுதுவார்கள். செயலாளர் தண்டபாணி, “ஐயா இப்ப எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாராமா, எங்க, எழுதுங்க பாக்கலாம்” என்று சாக்பீஸை என் கையில் கொடுத்தார்.

இத்தனை வருடமாக அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, “என்னப்பா போட்டிருக்குது?” என்று கேட்டவன் நான். எல்லோரும் பால் கேனை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் எழுதினேன்:

‘என் மகன் திருமூர்த்திக்குப் பெண் அமைந்துவிட்டது. பெண் பெயர் கோகிலவாணி. ஊர் தாராபுரம். கணக்கு டீச்சர். பெண் வீட்டார் கை நனைத்துவிட்டார்கள்.’

ஒரு பிழை இல்லை. கோகிலவாணி என்ற பெயரைத்தான் எல்லாவற்றையும்விட அழகாக எழுதினேன்.

“அட, மாப்பிள்ள அப்பாவே பத்திரிகை அடிச்சுட்டாரப்பா!” என்று ஒருவன் கத்தினான். இளவட்டங்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். நான் பலகைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

மாசி 6, புதன்

திருமூர்த்தி வெள்ளரி லோடோடு கோயம்புத்தூர் போயிருக்கிறான். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், “எப்பண்ணா கல்யாணம்? எங்களுக்குச் சொல்ல மாட்டீங்களா?” என்கிறார்கள். சொல்லாமல் இருப்பேனா?

மாசி 7, வியாழன்

பத்து மணி வாக்கில் போன் வந்தது.

“நாச்சிமுத்துங்களா?”

குரல் தெரிந்தது. “சொல்லுங்க சம்பந்தி” என்றேன்.

“யாரு யாருக்குங்க சம்பந்தி? எம் புள்ள பேரப் போர்டுல எழுதி வெக்கறதுக்கு நீங்க யாரு?”

“நல்ல சேதிதானேன்னு...”

“அந்தப் படம் அவ ஸ்கூல் டீச்சருங்க போனுக்கெல்லாம் வந்திருச்சு. எப்பக் கல்யாணம், எப்பக் கல்யாணம்னு கேக்கறாங்க. இதுவும் நின்னு போச்சுன்னா என்ன சொல்லுவாங்க? அவ இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலீங்க. கதவச் சாத்திட்டுப் படுத்திருக்கறா.”

“நீங்க கை நனைச்சீங்களே...”

“எம் பொண்டாட்டி மயக்கம் போட்டு உழுந்திருவாளேன்னு ரெண்டு வாய் தின்னோம். உங்களக் கும்புட்டுச் சொன்னனே! காதுல உழுகலையா?”

விழுந்தது. சத்தமாகத்தான் சொன்னார்.

போனை வைத்த பிறகு பார்த்தால் திருமூர்த்தி பின்னால் நின்றிருந்தான். கோயம்புத்தூரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். அவன் கையிலிருந்த போனிலும் அந்தப் படம் இருந்தது. பலகையும் பக்கத்தில் நானும்.

“நா ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா கேட்டேன்” என்றான். சத்தம் போடவில்லை. குடிலுக்குள் போனான்.

பின்னாலேயே போனேன். இரண்டு கதவும் திறந்து கிடந்தன. குடில் கட்டிய நாளிலிருந்து அவன் அப்படி விட்டதே இல்லை. நானே இரண்டையும் சாத்திவிட்டு வந்தேன்.

மாசி 8, வெள்ளி

ஆறுக்குட்டி வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டே பேசினார்.

“உங்களுக்கு என்ன கேடுங்கண்ணா? அந்தப் புள்ள திங்கக்கெழமையே எங்கிட்டப் போன்ல சொல்லிருச்சு. எனக்குப் புடிச்சிருக்குது, வெள்ளிக்கெழம அப்பாவ உட்டுப் பேசச் சொல்றேன்னு. வெள்ளிக்கெழம எது? இன்னிக்கு. நாலு நாள் வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா இன்னேரம் நீங்க சர்க்கர அள்ளிப் போட்டிருக்கலாம்.”

தரகர்கள் இப்படித்தான். ஒரு பேச்சு முறிந்தால் யார் தலையிலாவது பழியை ஏற்ற வேண்டும்.

தண்டபாணி பலகையை அழித்துவிட்டார். சாக்பீஸை நான்தான் கேட்டு வாங்கினேன் என்று திருமூர்த்தியிடம் சொல்லியிருக்கிறார். அவர் அப்படித்தான் சொல்வார். கேட்டால்தான் என்ன?

மாசி 12, செவ்வாய்

குடிலில் வெள்ளை ஈ.

மாசி 17, ஞாயிறு

அமராவதி அணைக்குப் போய்வருகிறேன் என்று பாப்பாத்தியிடம் சொல்லிவிட்டுத் தாராபுரம் போனேன்.

பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. ‘தாராபுரம்’ என்று பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை நானே படித்து ஏறினேன். வழி முழுக்கப் படித்துக்கொண்டு போனேன். சிமெண்ட் கடை, பல் டாக்டர், திருமண மண்டபம். ஊர் முழுக்க இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள்! எழுபத்திரண்டு வருடமும் இதற்குள் ஊமையாகப் போய்வந்திருக்கிறேன்.

கூடையில் ஒரு கோழி கொண்டு போயிருந்தேன்.

சாமியப்பன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். திறக்கவில்லை. “என்னங்க?” என்றார்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“நீங்க சொன்ன வார்த்தையே போதுமுங்க. போயிட்டு வாங்க.”

அப்போது உள்ளேயிருந்து கோகிலவாணி வந்தார். “இருங்கப்பா” என்று அவரை விலக்கிவிட்டு வந்து நின்றார். கண்ணாடி போடவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு.

“உங்க மேல கோவமில்லீங்க ஐயா. அன்னிக்குக் குடிலுக்குள்ள அவரு எங்கிட்ட, ‘உங்களுக்கு எத்தன நாள் வேணும்’னு கேட்டாரு. எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. எனக்கு அது போதும்னு...”

“இப்ப மட்டும் என்னம்மிணி கெட்டுப் போச்சு? நீ சரின்னு ஒரு வார்த்தை...”

“இப்பச் சரின்னா, ஊரு பேசினதுக்காகக் கட்டிக்கிட்டேன்னு ஆகும். வேண்டாம்னா, மறுபடியும் நின்னு போச்சுன்னு ஆகும். நானா முடிவு பண்ண எனக்கு எடமே இல்லாமப் பண்ணிட்டீங்களே ஐயா.”

கோழி கூடைக்குள் கத்தியது.

உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். “எம் பேர அழகா எழுதியிருந்தீங்க. நா பாத்தேன்” என்றார்.

கணக்கு டீச்சரே சொல்லிவிட்டார், என் எழுத்து அழகு என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் எந்தப் போர்டையும் படிக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

மாசி 24, ஞாயிறு

திருமூர்த்தி ஆறுக்குட்டியைக் கூப்பிட்டு, “இனி யாரையும் இங்க கூட்டிட்டு வராதீங்க. நா பாத்த வரைக்கும் போதும்” என்று சொல்லிவிட்டான். தன் ஜாதகத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டான். என்னிடம் மோட்டார், தீவனம், தபால் பற்றி மட்டும் பேசுகிறான். மரியாதையாகத்தான் பேசுகிறான்.

செவலைக் கோழி பொரித்துவிட்டது. ஒன்பது குஞ்சு.

பங்குனி 8, ஞாயிறு

இன்று எங்கள் சாளைக்கு மறுபடியும் விருந்தாளிகள்! ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள், ஒரு வேன் நிறைய. பசுமைக்குடிலைப் பார்க்க வந்தார்கள். வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நாற்காலி எல்லாம் போட்டு வைத்தேன். எல்லோரும் காப்பி குடித்தார்கள். ஒருத்தர்கூடத் தாகமில்லை என்று சொல்லவில்லை.

திருமூர்த்தி உள்ளே கூட்டிப் போய், வெள்ளை ஈயை எப்படி ஒழித்தான், கொடியை எப்படி ஏற்றினான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எவ்வளவு நன்றாகப் பேசுகிறான் என்று வியப்பாக இருந்தது. நான் பேச்சைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றேன்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். “இவ்வளவையும் ஒத்தையாளாவா பாக்கறீங்க? ஊட்டுல அம்மிணி ஒத்தாசைக்கு வராதுங்களா?”

“அம்மிணி இல்லீங்க.”

“அடடா, இன்னும் ஆகலீங்களா? ஏனுங்க, நல்லாத்தான் இருக்கறீங்க?”

நான் முன்னால் வந்து, “அது வந்துங்க...” என்றேன்.

திருமூர்த்தி என் தோளில் கை போட்டு முன்னால் இழுத்து நிறுத்தினான். அவன் என்னைத் தொட்டு மாதம் ஒன்றாகிறது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“அத எங்கப்பாவத்தான் கேக்கோணுமுங்க. இந்த வயசுல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாரு. ஒரு பிழை உடமாட்டாரு. ஊருக்கே போர்டுல எழுதிக் காட்டினாரு.”

“அட! இந்த வயசுலயா?” என்றார் பெரியவர். ஒரு பெண், “எங்கூட்டு அய்யன் இப்பவும் கைநாட்டுதான், நீங்க பெரிய ஆளுங்க” என்றார். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். எல்லோரும் தட்டினார்கள். பிளாஸ்டிக் கூரைக்கடியில் அந்தச் சத்தம் மழை போல் கேட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திருமூர்த்தியும் தட்டினான். அவர்கள் நிறுத்திவிட்டு, வெள்ளரிக் கொடிப் பக்கம் திரும்பி, காயைத் தொட்டுப் பார்த்துப் பேச ஆரம்பித்த பிறகும், அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தான்.